மில்லி சாரின் மீட்டர்

முதல் உதையிலேயே கிளம்பும் வண்டியை அவர் நம்பியதில்லை. அப்படிக் கிளம்பிவிட்டால் அணைத்துவிட்டு, எங்கே தப்பு என்று குனிந்து தேடுவார். அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு முறை இருந்தது. பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். கார்புரேட்டரின் தலையில் உள்ள குமிழை மூன்று தடவை அமுக்க வேண்டும். கைப்பிடிக்குக் கீழே இருக்கும் சின்ன லிவரைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல மிதித்து, ஆம்ப் மீட்டரின் முள் நடுவுக்கு வந்ததும் லிவரை விட்டுவிட்டு ஒரே உதை. உதைக்கு முன் மூச்சைப் பிடித்துக்கொள்வார். எதிர்வீட்டுத் தையல்காரரும் கூடவே பிடித்துக்கொள்வார். கிளம்பவில்லையென்றால் இருவரும் மூச்சை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள்.

மொத்தம் ஏழு நிமிடம். கிளம்பிய பின் அந்தச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் பேச ஆரம்பிக்கும். சமையலறையில் மனைவி தான் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்துவாள். வண்டி தெருமுனை தாண்டியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வாள். யாரிடம் பேசுகிறாய் என்று மகள் ஒருமுறை கேட்டாள். "உங்கப்பாகிட்டதான்" என்று பதில் வந்தது.

பழைய காலத்து வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஊரில் உள்ள மற்ற எல்லா வண்டிகளுக்கும் நேர் எதிர். இது தெரியாமல் மனைவியின் தம்பி ஒருநாள் எடுத்துப் போனான். தெருத் திருப்பத்தில் நிறுத்துவதற்காக வலது காலை அழுத்தினான். வண்டி நிற்கவில்லை, அடுத்த கியருக்குப் போனது. பயந்து இன்னும் பலமாக அழுத்தினான். அதற்கும் அடுத்த கியர். மொத்தமே நான்கு கியர் என்பதால் தப்பித்தான். சலவைக் கடைக்குள் புகுந்து, தேய்த்து அடுக்கியிருந்த சட்டைகளின் நடுவே நின்றான். திரும்பி வந்து, "மாமா, உங்க வண்டியில பிரேக்கே இல்ல" என்றான். அவர் சாவியை வாங்கிக்கொண்டு, "நாலு கியரும் ஒழுங்கா விழுதுன்னு தெரிஞ்சுது, நல்லது" என்றார்.

அவருடைய உத்தியோகம் முத்திரை ஆய்வாளர். கடைத் தராசு, எடைக்கல், பெட்ரோல் பம்ப், டாக்சி மீட்டர் எல்லாவற்றையும் சோதித்து, சரியாக இருந்தால் கம்பி கோத்து, ஈய வில்லை வைத்துக் குறடால் அமுக்கி முத்திரை போடுவது. ஒரு பெட்ரோல் பம்பில் ஐந்து லிட்டருக்கு முப்பது மில்லி குறைந்தது. வரம்பைத் தாண்டிய குறைவு. முதலாளி, மில்லிதானே சார் என்று கெஞ்சினார். லிட்டரைப் பார்க்க எல்லாராலும் முடியும், மில்லியைப் பார்க்கத்தான் அரசாங்கம் என்னை வைத்திருக்கிறது என்று சொல்லிப் பம்பைப் பூட்டினார். அன்றிலிருந்து மில்லி சார். கொஞ்ச நாளில் வீட்டுக்கு வரும் கடிதங்களிலும் அந்தப் பெயர் இருந்தது. தபால்காரர் ஒருபோதும் தடுமாறியதில்லை.

டாக்சி மீட்டர்களைச் சோதிக்க, சங்கிலி பிடித்து அளந்த ஒரு கிலோமீட்டர் சாலை உண்டு. புது டயர் மாற்றும்போதெல்லாம் அவர் தன் வண்டியையும் அதில் ஓட்டிப் பார்ப்பார். பெட்ரோல் தொட்டியின் மேல் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும்: காட்டுவது ஐம்பது, உண்மை நாற்பத்தெட்டரை. அதோடு விடவில்லை. மீட்டருக்குப் போகும் கேபிள் சேருமிடத்தில் துளை போட்டு, கம்பி கோத்து முத்திரையும் வைத்திருந்தார். சட்டம் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. அலுவலகக் குறடை சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாதென்று தனியாக ஒரு குறடு வாங்கியிருந்தார்.

வண்டி ஓடிய தூரத்தைக் காட்ட மீட்டரில் ஐந்து இலக்கம். 99,999க்கு அடுத்து ஐந்தும் ஒன்றாகப் புரண்டு பூஜ்யம் வரும். முதல் சுற்றில் அதைப் பார்க்கப் பல நாள் காத்திருந்தார். அந்த நேரம் வந்தபோது பின்னால் உட்கார்ந்து எட்டு வயது மகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்றாள். அவர் தலையைத் திருப்பி ஐம்பத்தாறு என்று திருத்தி, ஐம்பத்து நாலு எப்படி வராது என்றும் விளக்கிவிட்டு முன்னால் பார்த்தார். மீட்டர் 00001 காட்டியது.

பிறகு அவர் ஓய்வு பெற்றார். ஊருக்கு வெளியே லாரிகளை எடைபோடும் எடைமேடை ஒன்றில் ஆலோசகராகச் சேர்ந்தார். போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது. வாரத்துக்கு ஆறு நாள். அந்தச் சிறுமி வளர்ந்து பொறியாளராகி, பம்ப் செய்யும் ஆலையில் அதிர்வு அளக்கும் வேலைக்குப் போனாள். அவளைப் பற்றி அவருக்குப் பெருமை இருந்தது. வண்டியின் சத்தத்தைக் கேட்டு, "பேரிங் தேயுதுப்பா" என்று அவள் சொல்லாத நாட்களில்.

அறுபத்தேழாம் வயதில் விழுந்தார். வேகத்தில் அல்ல. சிவப்பு விளக்கில், நின்றுகொண்டிருந்தபோது. ஊன்றிய கால் எண்ணெயில் வழுக்கியது. வண்டி நிதானமாகச் சாய்ந்தது. அவரும் அதனோடு சாய்ந்தார். நூற்றெண்பது கிலோ என்பதை அவர் காகிதத்தில் பலமுறை எழுதியிருக்கிறார். முழங்காலின் மேல் வைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான்கு பேர் தூக்கினார்கள். விளக்கு இரண்டு முறை பச்சையாகி மறுபடி சிவப்பானது.

மனைவி அழவில்லை, திட்டவுமில்லை. "ஓடறப்ப விழுந்தா அதுல ஒரு கௌரவம் இருக்கு. நின்னுக்கிட்டிருந்தப்ப விழுந்தாருன்னு நான் வெளியில எப்படிச் சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். இனி வண்டி வேண்டாம் என்று தாயும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த வீட்டில் இருவரும் ஒரே குரலில் பேசுவது அபூர்வம் என்பதால் அவர் பயந்துபோனார்.

முழங்காலில் கட்டோடு உட்கார்ந்து பேரம் பேசினார். மீட்டரில் இப்போது 97,412. முதல் பூஜ்யத்தைத்தான் வாய்ப்பாடு விழுங்கிவிட்டது. இரண்டாவதைப் பார்த்துவிட்டால் போதும்.

"பூஜ்யம் வரட்டும். வந்த அன்னிக்கே சாவியைக் குடுத்துடறேன்."

"எழுதித் தருவீங்களா?" என்றாள் மகள்.

"நான் போட்ட முத்திரை இருக்கு மீட்டர்ல. அதுக்கு மேல என்ன எழுத்து?"

மகள் ஒத்துக்கொண்டாள். மீதி 2,588 கிலோமீட்டர். நாளைக்குப் பதினெட்டு. ஆறு நாள் வாரம். இருபத்து நான்கு வாரம். சமையலறை நாள்காட்டியில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அந்த வட்டத்தை முதல் இரண்டு மாதம் அவர் ஆசையோடு பார்த்தார். மூன்றாம் மாதம் பார்ப்பதை நிறுத்தினார். பூஜ்யம் என்றால் பூஜ்யம் மட்டுமல்ல, அதற்கு மறுநாள் ஒன்று உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் என்ன செய்வார்? தையல்காரர் யாரோடு மூச்சுப் பிடிப்பார்?

நூலகத்துக்கும் சலூனுக்கும் நடக்க ஆரம்பித்தார். மருத்துவர் சொன்னார் என்றார். புதன்கிழமைகளில் பேருந்தில் போனார். பேருந்தில் நாலு விஷயம் காதில் விழும் என்றார். நாள்காட்டியின் வட்டம் வந்தது, போனது. மகள் வேறு வட்டம் போட்டாள். அதுவும் போனது.

அடுத்து, தெருமுனையில் இறங்கி வீடுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் கழித்து மெக்கானிக் பார்த்துவிட்டுப் பழுதா என்று விசாரித்தார். இல்லை, மீட்டர் ஓடாமல் இருக்கத்தான் என்று இவர் உண்மையைச் சொன்னார்.

"கேபிள் முன்சக்கரத்துல இருக்கு சார். நீங்க உக்காந்து போனாலும் தள்ளிட்டுப் போனாலும் அது சுத்தத்தான் செய்யும். அதுக்கு உங்களைத் தெரியுமா என்ன?"

முப்பத்தொரு வருடம் மீட்டர் பார்த்தவருக்கு இது தோன்றாமல் போனதே என்று மெக்கானிக்குக்கு வருத்தம். ஆனால் அந்தப் பதிலிலிருந்து இவருக்கு வேறொன்று தோன்றியது. முன்னால் தள்ளினால் கூடுமென்றால், பின்னால் தள்ளினால்?

மறுநாளிலிருந்து தெருமுனையில் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அறுபது மீட்டர். பதினேழு நாள் தள்ளினால் ஒரு கிலோமீட்டர் குறையும். முத்திரை உடையவில்லை. மீட்டர் தன் விதிப்படியே வேலை செய்கிறது. சட்டத்தில் எந்தப் பிரிவிலும் வண்டி எந்தத் திசையில் போக வேண்டும் என்று இல்லை. தையல்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன சார், வண்டி பின்னால போகுது?"

"திருப்ப எடமில்ல."

லாரி திரும்பும் தெரு அது. தையல்காரர் தெருவை இடமும் வலமும் பார்த்தார். பிறகு அவரும் ஒரு கை கொடுத்துத் தள்ளினார். மாடி ஜன்னலில் மகள் நின்றாள். ஐந்தாம் நாள் முழங்கால் வீங்கியது. மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டாள், காரணம் கேட்காமல். கேட்காததுதான் எரிந்தது.

இப்படியெல்லாம் இழுத்தும் எட்டாம் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை மீட்டர் 99,986இல் நின்றது. மீதி பதினான்கு. அன்று வேலைக்குப் போய்த் திரும்பும் வழியிலேயே முடிந்துவிடும்.

வண்டியின் முன் குந்தி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து குறடை எடுத்தார். அதே சொந்தக் குறடு. முத்திரை போட மட்டும்தான் அது என்று நினைத்திருந்தார். வெட்டவும் வெட்டியது. கேபிளின் மறையைக் கையாலேயே கழற்ற முடிந்தது. கம்பி அறுந்த ஈய வில்லையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அன்று வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. அவர் அணைத்துத் தேடவில்லை.

அதன் பிறகு முள் அசையவில்லை. இவர் அசைந்தார். நூலகத்துக்குப் போனார், சலூனுக்குப் போனார், சலூனில் கூட்டமென்றால் திரும்பி வந்து மறுபடியும் போனார். புதன்கிழமைப் பேருந்தை மறந்தார். வேலை முடிந்து ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்ததாக எடைமேடைக் குமாஸ்தா சொன்னார். ஆனால் நாற்பதில் போகிறோமா ஐம்பதில் போகிறோமா என்று அவருக்குத் தெரியவில்லை. கண் தானாக முள்ளுக்குப் போகும். அது பூஜ்யத்தில் படுத்திருக்கும். தொட்டியின் மேல் உள்ள அட்டவணையில் அதற்கு வரிசை இல்லை. காட்டுவது பூஜ்யம், உண்மை என்ன?

பத்தொன்பதாவது வேலைநாள், மாலை, சிவப்பு விளக்கு. இரண்டு காலையும் அகல ஊன்றி நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு டாக்சி வந்து நின்றது. நரைத்த மீசைக்கார ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"வணக்கம் மில்லி சார். அடையாளம் தெரியுதா? பதினோரு வருஷம் முன்னாடி என் பர்மிட்டை மூணு மாசம் நிறுத்தி வெச்சீங்க."

இவருக்கு ஆளை நினைவில்லை. மீட்டரை நினைவிருந்தது. நன்றாக இருக்கிறீர்களா என்று விசாரித்தார். ஓட்டுநரின் பார்வை மெல்ல இறங்கியது.

"முள்ளு தூங்குதே சார்."

"கேபிள் அறுந்துபோச்சு."

ஓட்டுநர் சிரிக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

"அன்னிக்கு நானும் இதையேதான் சார் சொன்னேன். நீங்க கேக்கல. அறுந்த கேபிளுக்கு முனை பிசிறா இருக்கும், கழட்டின கேபிளுக்கு முனை சுத்தமா இருக்கும், முனையைக் காட்டுன்னீங்க. மறக்கவே இல்ல சார். இன்னிக்கு வரைக்கும் எதை வாங்கினாலும் முனையைப் பாத்துத்தான் வாங்கறேன்."

விளக்கு பச்சையானது. டாக்சி போய்விட்டது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் கைப்பிடிக்குக் கீழே தொங்கிய கேபிளின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்ததும், தட்டுக்குப் பக்கத்தில் ஈய வில்லையை வைத்தார்.

"முத்திரையை உடைச்சுட்டேன்."

மனைவி மகளைப் பார்த்தாள். மகள் எழுந்துபோய் நாள்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வேலைநாளிலும் பென்சிலால் பதினெட்டு, பதினெட்டு என்று எழுதிக் கீழே கூட்டியிருந்தாள்.

"நேத்தோட முன்னூத்தி நாப்பத்திரெண்டுப்பா."

"மொதல் நாளே தெரியுமா?"

"சத்தம் மாறிச்சு. கேபிள் சுத்தற சத்தம் இல்ல."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்களே சொல்வீங்கன்னு அம்மா சொன்னாங்க. ரெண்டு நாளுன்னாங்க. நான் ஒரு மாசம்னேன்."

அவர் நாள்காட்டியை வாங்கிக் கண்ணாடியை மேலேற்றிப் பார்த்தார். கணக்கில் பிழை இருந்தது. தவறான கணக்கின் மேல் தண்டனை வாங்க அவருக்குச் சம்மதமில்லை.

"முன்னூத்தி நாப்பத்திரெண்டு இல்ல. நானூத்தி எட்டு. சலூன், நூலகம், ஏரிக்கரை. அப்புறம் சும்மா."

"சும்மான்னா?" என்றாள் மனைவி.

"சும்மான்னா சும்மாதான். சுத்தினது."

மனைவி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. மீட்டர் இப்போது 394 காட்ட வேண்டும் என்றார். பூஜ்யம் வந்து முடிந்துவிட்டது. சொன்ன சொல்படி சாவியை எடுத்து வில்லைக்குப் பக்கத்தில் வைத்தார்.

மகளால் அந்தச் சாவியைப் பார்க்க முடியவில்லை. அவள் ஒரு வழி சொன்னாள். கேபிளின் முனையை டிரில்லில் மாட்டிச் சுற்றினால் பதினான்கு கிலோமீட்டர் கால்மணி நேரத்தில் ஓடிவிடும். அவர் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து பார்க்கலாம். இந்தத் தடவை யாரும் வாய்ப்பாடு ஒப்பிக்க மாட்டார்கள்.

அவருக்கு ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது.

"வேணாம்மா. அது பூஜ்யமில்ல, பொய்ப் பூஜ்யம். இப்படிச் சுத்தினதுக்கு நான் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன்."

ஒரு காகிதத்தில் "பழுது, நம்ப வேண்டாம்" என்று எழுதி மீட்டர் கண்ணாடியின் மேல் ஒட்டினார். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். கேபிளை மாட்ட யாரையும் விடவில்லை.

எடைமேடைக்குப் பேருந்தில் போய்வந்தார். காலையில் ஏழு நிமிடம் மிச்சமானது. அந்த ஏழு நிமிடமும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். மனைவி பேசியதெல்லாம் இப்போது காதில் விழுந்தது. இத்தனை வருடம் என்னென்ன தவறவிட்டிருக்கிறோம் என்று அவருக்குப் பிரமிப்பு. சிலவற்றைத் தவறவிட்டதே நல்லது என்றும் மகளிடம் ரகசியமாகச் சொன்னார்.

வண்டியை மகள் எடுத்துக்கொண்டாள். வலது கால் கியரை ஆலை மைதானத்தில் தானே பழகினாள். அவரிடம் கேட்டால் விளக்கமே ஒரு மணி நேரம் ஆகும்.

அதன் பிறகு அவருக்கு இருந்தது பதினோரு மாதம். அப்போது அது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மகள் கேட்காமலே டிரில்லை எடுத்திருப்பாள். அவர் தடுத்திருப்பார்.

அந்தப் பதினோரு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் மடித்த காகிதத்தோடு மகளிடம் வந்தார். உண்மையான பூஜ்யம் எந்த இடத்தில் வந்தது என்று கண்டுபிடித்துவிட்டார். கேபிளைக் கழற்றிய அதே முதல் நாள். போகும்போது ஒன்பது, திரும்பும்போது ஐந்து. எடைமேடையிலிருந்து ஐந்தாவது கிலோமீட்டர், பல் மருத்துவமனை வாசல். ஆனால் கடைசி இலக்கம் முழுதாக ஏறியிருந்ததா என்று அன்று காலை சரியாகப் பார்க்கவில்லை. ஆகவே பிழை வரம்பு உண்டு. மருத்துவமனை வாசலிலிருந்து டயர் கடை வரை நூறு மீட்டருக்குள் எங்காவது.

"அந்த எடத்தை எப்படித் தாண்டினேன்னு யோசிச்சுப் பாக்கறேன். ஒண்ணுமே ஞாபகம் வரல. ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கிட்டு வந்திருப்பேன்."

அவள் வண்டியைக் கிளப்பினாள். மூன்றாவது உதை. அவர் பின்னால் ஏறினார், வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் வண்டியில் பின்னால். வழியில் நான்கு கியருக்கும் நான்கு கருத்து சொன்னார்.

பல் மருத்துவமனை பூட்டியிருந்தது. வாசலில் ஒரு காவலாளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் என்ஜினை அணைக்காமல் ஓரமாக நிறுத்தினாள். அவர் இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாலையோரத்தில் தரையைப் பார்த்தபடி டயர் கடை வரை நடந்தார். மெதுவாக, ஒரு மீட்டரையும் விடாமல். திரும்பி வாசல் வரை நடந்தார். ஒரு இடத்தில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இல்லை என்பதுபோல் நகர்ந்தார். மறுபடியும் டயர் கடையை நோக்கித் திரும்பினார்.

காவலாளி எழுந்து வந்தார்.

"என்ன சார் தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார் அவர்.

காவலாளி நம்பவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் குனிந்து தானும் தேட ஆரம்பித்தார்.